பிரேக் இல்லாத சைக்கிளும் பன்னீர்த் திராட்சையும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது என்று முடிவெடுத்தேன். நாற்பத்தாறு வயதில் எடுத்த முடிவு. கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் எடுத்துவிட்டேன். என் மனைவி பவானியிடம் மட்டும் சொல்லவில்லை. என் முடிவுகளை அவளிடம் சொன்னால் அவை யோசனைகளாக மாறிவிடும். யோசனைகள் வேண்டுகோள்களாகிவிடும். கடைசியில் எதற்கென்றே தெரியாமல் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது தேனியில். நான் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். சனி, ஞாயிறு விடுமுறை என்று பேர். என் மாமனார் கர்ணன் இருப்பது காமயகவுண்டன்பட்டியில். இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. விடியுமுன்பே எல்லோரும் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது மாப்பிள்ளை ஒருத்தன். அதனால் ஞாயிறுதோறும் அதிகாலை பஸ்ஸில் கம்பம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காமயகவுண்டன்பட்டி, அங்கிருந்து நேராகப் பந்தலுக்கு அடியில். நானும் பவானியும் ஜோடியாகப் போவோம்.

திராட்சைப் பந்தல் ஆறடி உயரம். நானும் கிட்டத்தட்ட ஆறடி. பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குணத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன், அளவு எடுத்திருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணாந்து நின்று கொடி கட்டுவேன், இலை கிள்ளுவேன், குலை வெட்டுவேன். மற்ற ஊர்களில் திராட்சை வருஷத்துக்கு ஒரு முறை காய்த்துவிட்டு மரியாதையாக ஓய்வெடுக்கும். எங்கள் பள்ளத்தாக்குத் திராட்சைக்கு அந்த நாகரிகம் கிடையாது. இந்தப் பக்கம் கொடியைக் கவாத்து வெட்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பழம் கறுத்துவிடும். திங்கட்கிழமை ஆபீசில் என்னால் தலையைக் குனிந்து கோப்பைப் பார்க்க முடியாது. மேலதிகாரி நான் மின்விசிறியைப் பார்த்துக் கனவு காண்பதாகக் குறிப்பு எழுதியிருக்கிறார்.

இந்த நிலையில்தான் ஸ்டான்லியின் சைக்கிளைப் பார்த்தேன். ஸ்டான்லி பஜாரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். திருவனந்தபுரம் போய் அங்கே சுவர்போலச் சரிந்த ட்ராக்கில் சைக்கிள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வந்ததிலிருந்து ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டான். கடை வாசலில் ஒரு மெலிந்த சைக்கிள் நின்றது. பிரேக் இல்லை. பெல் இல்லை. ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கேரியரும் இல்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதில் அரிசி மூட்டை வைக்க முடியாது. காஸ் சிலிண்டர் வைக்க முடியாது. யாரையும் உட்காரவைத்து அவர்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. புருஷன்மார்களுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஸ்டான்லி விளக்கினான். இதற்குப் பிக்ஸட் கியர் என்று பேர். சாதா சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் சும்மா இருக்கும், சக்கரம் ஓடும். இதில் அந்தச் சலுகை கிடையாது. சக்கரம் ஓடுகிறவரை பெடலும் ஓடும், பெடல் ஓடுகிறவரை காலும் ஓடியாக வேண்டும். நிறுத்த வேண்டுமானால் பெடலைக் காலாலேயே எதிர்த்துப் பிடித்து மெல்ல மெல்லக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ரோட்டுக்கு முன்பிரேக் ஒன்று மாட்டித் தருவானாம், மைதானத்துக்குள் அதைக் கழற்றிவிட வேண்டுமாம். ஞாயிறுதோறும் காலையில் விளையாட்டு மைதானத்து மண் ட்ராக்கில் பயிற்சி. ஞாயிறு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே நான் பர்ஸைத் திறந்து சைக்கிளை வாங்கிவிட்டேன்.

எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. டாக்டர் "நடங்க" என்றுதான் சொன்னார். அதை நான் பவானியிடம், சைக்கிள் மிதிக்கச் சொன்னார், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை காலையில், என்று எடுத்துச் சொன்னேன்.

பவானி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். முன்னறையில் கால்மெஷின். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஒரு கைப்பட்டியைத் தைத்து முடித்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்ப தோட்டத்துக்கு?"

"நீ போயிட்டு வாயேன். ஒங்கய்யாதான."

"சரிங்க. ஒடம்பு முக்கியம்ல."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

மாமனார் போனில் விசாரித்தார். சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் எங்கே போய்ச் சேருவீர்கள் என்று கேட்டார். எங்கேயும் போய்ச் சேராது மாமா, அதுதான் விளையாட்டு என்றேன். அதுக்கு நம்ம தோட்டத்தையே சுத்தலாமே மாப்ளை என்றார்.

முதல் ஞாயிறு. ஸ்டான்லி சீட்டைப் பிடித்துக்கொண்டான், நான் ஏறினேன், தள்ளிவிட்டான். பத்து மிதி சொர்க்கமாக இருந்தது. பதினோராவது மிதியில், அப்பாடா என்று காலுக்கு ஓய்வு கொடுத்தேன். கவர்ன்மென்ட் உத்தியோகக் கால், ஓய்வு கேட்கத்தான் செய்யும். பெடல் கேட்கவில்லை. என்னைத் தூக்கி ஹேண்டில்பாருக்கு முன்னால் உட்காரவைக்கப் பார்த்தது. நான் உட்காராமல் மண்ணில் படுத்தேன். ரெண்டாவது தடவை நிற்கத் தெரியாமல் ஏழு சுற்றுப் போனேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என் உடல்வலுவை மெச்சினார்கள். எட்டாவது சுற்றில் நீளம் தாண்டுவதற்காகப் போட்டிருந்த மணல் குழிக்குள் போய் நின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நிற்க வேண்டுமென்றால் நேராக அங்கே போய்விடுவேன்.

ஆனாலும் மாறிவிட்டேன். ஒன்பது மணிக்குப் பயிற்சி முடியும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா. வந்து ஒரு குட்டித் தூக்கம். பவானி இருட்டிய பிறகு பஸ் இறங்கி வருவாள். முழங்கை வரைக்கும் திராட்சைக் கறை இருக்கும். கழுத்தைப் பிடித்துக்கொண்டே சோறு வடிப்பாள். ரெண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்திருக்கிறாள் என்று மனசு குறுகுறுக்கும். சாப்பிட்டதும் அந்தக் குறுகுறுப்பு அடங்கிவிடும். நான் நல்லவன்தான், ஆனால் பசி தீர்ந்தபிறகு கொஞ்சம் குறைவு.

ஒரே ஒரு தொல்லை. சைக்கிளின் சீட் இறங்கிக்கொண்டே இருந்தது. வாரநாளில் சைக்கிள் வீட்டில்தான் நிற்கும். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் சீட் நாலு விரல் இறங்கியிருக்கும். ஏற்றி, நட்டை முறுக்கிவிட்டுப் படுப்பேன். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் நாலு விரல். ஸ்டான்லியிடம் புகார் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் தன் விரல் நகத்தைப் பார்த்தான். பிறகு, ஆள் கனம் ஜாஸ்தியானால் சீட் இறங்கும்ணே என்றான். அன்றிலிருந்து காலை இட்லியை ஆறிலிருந்து நாலாகக் குறைத்தேன். சீட் அப்படியும் இறங்கியது. மூன்றாக்கினேன்.

மூன்று மாதம் ஓடியது. ஸ்டான்லி ஒரு போட்டி அறிவித்தான். மூன்று சுற்று, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அந்த வாரம்தான் மாமனார் தோட்டத்தில் பெரிய அறுவடை ஆரம்பம், ஒரு மாதத்துக்கு நான் கட்டாயம் வர வேண்டும் என்று தாக்கீது வந்தது. நான் முடியாது என்றேன். ட்ராக் வீரனின் கழுத்து அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று பவானிக்கு விளக்கினேன். அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா சண்டை போட வேணாங்க," என்றாள். "போட்டி வருதுல்ல. அதுல நம்ம வீட்டாளு யாரு முன்னால வர்றாகளோ, அவுகளுக்கு ஞாயித்துக்கெழமை. மத்தவுக தோட்டத்துக்கு. காலத்துக்கும்."

"காலத்துக்குமா?"

"காலத்துக்கும்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் மகள் மதுரையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் சைக்கிள் மிதிப்பவன் நான் ஒருத்தன். கடைசியாக வந்தாலும் வீட்டில் முதலாவது நான்தான். பாவம், யோசிக்காமல் பேசிவிட்டாள். பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாதே என்று நானே மாமனாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நிபந்தனையை வரி பிசகாமல் மறுபடி சொல்லவைத்தேன். சாட்சியாக இருங்கள் மாமா என்றேன். இருக்கேன் மாப்ளை, பேச்சு மாற விடமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

போட்டிக்கு நாலு பேர். ஸ்டான்லி, நான், ஒரு பேங்க்காரர். நாலாவது ஆள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சுடிதாரில், ஸ்டான்லியின் மனைவி பிரின்சியோடு வந்து இறங்கியது. பிரின்சியின் ஜாக்கெட்டெல்லாம் தைப்பது எங்கள் வீட்டில்தான். ஹெல்மெட்டுக்கு அடியில் இருந்த பின்னலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பவானி. கையில் ஸ்டான்லி கடையின் இன்னொரு பிக்ஸட் கியர். அதன் சீட், என் சீட்டைவிடச் சரியாக நாலு விரல் கீழே இருந்தது.

நான் சாப்பிடாமல் விட்ட இட்லிகளெல்லாம் என் கண்முன்னே வந்து போயின. ஸ்டான்லியைப் பார்த்தேன். அவன் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, மூன்று மாதப் பயிற்சி எனக்கு இருக்கிறது என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு எங்கே, பிரின்சி அப்போதுதான் போட்டு உடைத்தபடி, வாரநாளில் நான் ஆபீசில் இருக்கும்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் சுற்றிய சுற்றுதானே. விசில் அடித்தார்கள். முதல் சுற்றில் நான் பவானிக்கு முன்னால். ரெண்டாவது சுற்றிலும் முன்னால். நெஞ்சு அடைத்தது, ஆனால் ஆயுள் முழுக்க வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக நின்று கைதட்டின. கடைசி வளைவு. இன்னும் ஐம்பது அடிதான். அப்பாடா என்று காலுக்கு ஒரு நொடி ஓய்வு கொடுத்தேன்.

பெடல் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தது. சைக்கிள் கோணலாக ஆடியது. அந்த நேரத்தில் வெளிப்பக்கமாக ஒரு குரல், வீட்டில் குழாயை மூடச் சொல்வதைப்போலச் சாதாரணமாக, என்னைக் கடந்து போனது.

"என்னங்க, காலை நிப்பாட்டாதீக."

கோட்டைத் தாண்டி, பத்தடிக்குள், தூசிகூடக் கிளம்பாமல் அவள் சைக்கிளைக் கட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினாள். நான் அதற்கப்புறம் ஒன்றரைச் சுற்றுப் போய், வழக்கமான மணல் குழியில் நின்றேன்.

தண்ணீர் பாட்டிலோடு வந்தவளிடம், எப்படி நிறுத்தினாய் என்றுதான் முதலில் கேட்டேன். தோற்றதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"இதுல என்னங்க இருக்கு. கால்மெஷினும் இதேதான. சக்கரம் ஓடுற வரைக்கும் காலும் ஓடணும். நிப்பாட்டணும்னா காலாலதான் பிடிக்கணும். ஒரு தையல் தள்ளிப் போனா ஜாக்கெட் வீணாப் போயிரும். நான் கல்யாணத்துக்கு முன்ன இருந்தே மிதிக்கேன்."

இத்தனை நாளும் நான் மைதானத்தில் போய்த் தேடிய வித்தை முன்னறையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சனிக்கிழமை மத்தியானங்களில் அந்தச் சத்தத்தில்தான் நான் குட்டித் தூக்கம் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கையைவிட்டுப் போகிறதே என்ற பதைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"பவானி, அது ஒங்கய்யா தோட்டம். நீ வரலைன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கய்யா தோட்டம்னா எனக்குக் கழுத்து வலிக்காதாங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. அவளுக்குப் பந்தல் எனக்குப்போல எட்டாது, நாள் முழுக்க எக்கி எக்கி நின்றிருப்பாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. போய்ப் பயிற்சி பண்ணு என்றேன். நிஜமாகவே மனசாரத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு. அவள் மைதானத்துக்குப் போனாள், நான் தூக்குவாளியோடு கம்பம் பஸ் ஏறினேன். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று குலை வெட்டியபோது, எல்லாம் நியாயம்தான் என்று தேற்றிக்கொண்டேன். ஞாயிறு போனாலும் சனிக்கிழமை இருக்கிறது. கால் நீட்டிப் படுக்கலாம், பரோட்டா சாப்பிடலாம். ஒரு நாள் போதும், மனுஷனுக்கு ரெண்டு நாள் ஓய்வு எதற்கு.

வரப்பில் மாமனாரின் போன் அடித்தது. எடுத்தார். ஆமாம்மா, சரிம்மா, அவுக நல்லாத்தான் வெட்டுறாக என்று சந்தோஷமாகப் பேசிவிட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பவானிய மாவட்டப் போட்டிக்கு எடுத்துட்டாகளாம். இனிமே சனிக்கெழமையும் பயிற்சியாம். நீங்க வெள்ளிக்கெழமை சாயங்காலமே வந்துருங்க, மாப்ளை."