இபிஸாவில் போட்ட துண்டு

ஓர் ஊரில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று சொல்வதற்கு அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. இதை நான் ஒரு காலத்தில் மனதார நம்பினேன். (நம்பியதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கினேன், அதுதான் விசேஷம்.)

பெங்களூரில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வேலை. நம்மூர் ஆட்களை வெளிநாட்டுக்குச் சுற்றுலா அனுப்புவார்கள். போனவர்களுக்கு அங்கே பசித்தால் எனக்குப் போன் செய்வார்கள். நான் கோலார் தங்கவயலில், பாலகாட் என்கிற பகுதியில், எங்கள் வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, லேப்டாப்பைப் பார்த்து, "லெஃப்ட்ல திரும்புங்க சார், நீலக் கதவு போட்ட கடை, மீன் நல்லா இருக்கும்" என்று சொல்வேன். என் பொறுப்பில் விட்டிருந்தது இபிஸா. மத்தியதரைக் கடலில் ஸ்பெயின்காரர்களின் தீவு. ஆட்டம் பாட்டத்துக்குப் பேர்போனது. நான் கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான், மெரினாவில். அன்றைக்கும் செருப்பைத் தேடியதில் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தத் தீவின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. எந்தச் சந்தில் கணவாய் பொரிக்கிறார்கள், எந்தக் கடைக்கு உள்ளூர்க்காரர்கள் போகிறார்கள், சோறு வருவதற்கு முன் ரொட்டியும் பூண்டு அரைத்த வெள்ளைச் சட்னியும் ஏன் வைக்கிறார்கள், எல்லாம் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்ததை வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா ஒரு நாள் கேட்டார்: "மத்தியானம் கடைய மூட்டுட்டு தூங்கப் பூட்றானா? அப்ப செகண்ட் ஷிஃப்ட்டு யாருடா பாக்கறது?" அன்று ராத்திரி அதையும் லேப்டாப்பில் தேடினேன்.

வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. முதலாளியம்மா போனில் சொல்லியிருந்தார்: "குடியாத்தத்துலேர்ந்து ஒரு ரைஸ்மில்காரரும் அவர் சம்சாரமும் போறாங்க. திரும்பி வந்து நல்லபடியா ரெண்டு வார்த்தை சொன்னாங்கன்னா நீ பர்மனென்ட். இல்லைன்னா பாத்துக்கலாம்." பாத்துக்கலாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கட்டிலை விட்டு இறங்கி, வேறு வேலை தேடி, மறுபடியும் பெங்களூருக்கு விடியற்காலை ரயில்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரிகுப்பத்தில் புறப்படும்போது பெட்டி காலியாக இருக்கும். பங்காருபேட்டையில் மூச்சுவிட இடம் இருக்காது. அதனால் மாரிகுப்பத்தில் ஏறுகிறவன், வழியில் ஏறப்போகிற கூட்டாளிகளுக்காக சீட்டில் கர்சீப்போ துண்டோ போட்டு வைப்பான். போட்டது போட்டதுதான். எப்பேர்ப்பட்ட ரவுடியும் அந்தத் துண்டின் மேல் உட்கார மாட்டான். உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே சாயங்காலம், அங்கே நல்ல மதியம். ரைஸ்மில்காரரிடமிருந்து போன்.

"தம்பி, எந்தக் கடைக்குப் போனாலும் எடம் இல்லன்றான். முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணுமாம். எங்க வீட்டம்மாவுக்கு மயக்கமே வந்துடும் போலகீது. மூணு வேளையும் ரொட்டி ரொட்டின்னு, நாக்கே செத்துப் போச்சுன்றா."

முன்னாடியே சொல்லி வைத்திருக்க வேண்டியவன் நான். (மறந்தேபோய்விட்டேன். காலையிலிருந்து, அந்தத் தீவில் உப்பு எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.)

லேப்டாப்பை இழுத்தேன். அவர் நிற்கும் கிராமத்துச் சதுக்கத்தில் இரவும் பகலும் ஓடும் கேமரா ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திறந்தேன். கடவுள் கண்ணைத் திறந்தார். சர்ச்சுக்குப் பக்கத்தில் மரத்தடியில் வரிசையாக மேஜைகள், வெள்ளைத் துணி. ஒரு ஓரத்தில் விறகு அடுப்பு மூட்டி, ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு வாணலியில் மஞ்சள் சோறு வெந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். ஆனால் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் மொத்தமும் காலி.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சீட்டு காலியாக இருக்கும்போது நின்று பேசுகிறவனை எங்கள் ரயிலில் என்ன சொல்வோம் என்பதை இங்கே எழுத முடியாது.

"சார், சர்ச்சு தெரியுதா? அது பக்கத்துலயே சுடச்சுட சோறு. நடுவுல பாருங்க, பூ வெச்ச டேபிள், ரெண்டே ரெண்டு சேர். உங்களுக்குன்னே போட்ட மாதிரி கீது."

"யாருனா வந்து கேட்டா இன்னா தம்பி சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம் சார். கர்சீப்ப போட்டுட்டு, ரெண்டு பேரும் போயி கை கழுவிட்டு வாங்க."

"கர்சீப்பு இல்லியே. துண்டுதான் கீது."

"அது இன்னும் நல்லது சார்."

மனிதர் திரையில் வந்தார். தோளிலிருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்து உதறி, இரண்டு நாற்காலிகளுக்கும் சேர்த்து நீளமாகப் போட்டார். பிறகு மனைவியோடு குழாயைத் தேடிப் போனார். நான் பெருமை தாங்காமல் அப்பாவையும் என் மனைவி செல்வியையும் கூப்பிட்டேன். "வந்து பாருங்க, இங்கேந்தே இபிஸால எடம் புடிச்சு குடுத்துட்டேன்."

செல்வி குனிந்து பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அது பொண்ணு மாப்ள சீட்டு மாதிரி கீது."

"ஓட்டலுங்கறேன், நீ வேற."

"எந்த ஓட்டல்ல நடு டேபிளுக்கு மட்டும் பூ ஜோடனை பண்ணுவாங்க?"

அப்போது சர்ச்சுக் கதவு திறந்தது. வெள்ளை கவுனில் ஒரு பெண் வந்தாள். பக்கத்தில் கோட்டு போட்ட பையன். நின்றிருந்த கூட்டம் மொத்தமும் அவர்கள் மேல் அரிசியை வாரி இறைத்தது.

"கல்யாணந்தான்டா," என்றார் அப்பா. "அரிசி போட்றான் பாரு."

போன் செய்தேன். மனிதர் எடுக்கவில்லை. (சாப்பாட்டுக்கு உட்காரும்போது போனைத் தொடமாட்டாராம். பிறகு தெரிந்தது.) பெண்ணும் மாப்பிள்ளையும் மேஜைக்கு வந்தார்கள். துண்டைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை துண்டை எடுப்பான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சொந்தக்காரர்களில் யாரோ ஏதோ சம்பிரதாயமாகப் போட்டது என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். எங்கள் ரயில் சட்டம் அந்தத் தீவிலும் செல்லுபடியானதை நினைத்துச் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை.

கை கழுவிய ஈரத்தோடு ரைஸ்மில்காரர் வந்தார். நேராக உட்காரப் போனவர், கவுனைப் பார்த்ததும் நின்றார். ஒரு பெரியம்மா அவரிடம் வந்து கையை ஆட்டி ஏதோ கேட்டாள். கேமராவில் சத்தம் வராது. அவர் பதிலுக்குத் தன் போனைத் தூக்கிக் காட்டினார். கூட்டமே அந்தப் போனைப் பார்த்தது. பாலகாட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்த நான் தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வேல பூட்ச்சு," என்றேன்.

"இருங்க," என்றாள் செல்வி. "அவரு துண்ட எடுக்கறாரு."

எட்டிப் பார்த்தேன். மனிதர் துண்டை எடுத்து உதறினார். மூலையோடு மூலை சேர்த்து அழகாக மடித்தார். மாப்பிள்ளையின் தோளில் போர்த்தி, கட்சிக் கூட்டத்து மேடையில் செய்வதுபோல இரண்டு கையையும் கூப்பினார். அவர் மனைவி மேஜையில் சிதறிக்கிடந்த அரிசியை எடுத்துப் பெண்ணின் தலையில் போட்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பெரியம்மா அழுதே விட்டாள். அடுத்த நிமிஷம் இரண்டு நாற்காலிகள் கூடுதலாக வந்தன. மஞ்சள் சோறு தட்டில் மலையாகக் குவிந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

"சோத்துல இன்னா கறிடா போட்டுகிறான்?" என்றார் அப்பா. அவர் கவலை அவருக்கு. (முயல் கறி. ரைஸ்மில்காரர் பிறகு சொன்னார். அரிசி கொஞ்சம் தடிப்பாம், புழுங்கலாக இருந்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்குமாம்.)

ஊர் திரும்பியதும் அவர் முதலாளியம்மாவிடம் நேரிலேயே போய்ச் சொன்னார்: "கல்யாண சாப்பாடு ஏற்பாடு பண்ணது ரொம்பப் பிரமாதம். மொய்க்கு ஒரு பொருள் வாங்கிட்டுப் போகணும்னு மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

முதலாளியம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீ பர்மனென்ட். ஆனா நாளைலேர்ந்து தினம் ஆபீஸுக்கு வந்துடு. நீ எந்த கேமராவைப் பாக்கறேன்னு நான் பாக்கணும்."

ஆக, எந்த ரயிலுக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அதே ரயிலில் இப்போது தினமும் போகிறேன், நிரந்தரமாக. கதை எப்படியோ எனக்கு முன்னால் பெட்டிக்குள் ஏறிவிட்டது. (செல்வி சொல்லவில்லையாம். அப்பாவும் சொல்லவில்லையாம்.) மாரிகுப்பத்தில் ஏறும் கூட்டாளி ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைக்கிறான். கர்சீப் அல்ல, சிவப்புக் கட்டம் போட்ட துண்டு; இதற்கென்றே வாங்கினானாம். அதன் மேல் தினமும் ஒரு பூ இருக்கும். யாராவது புதிதாக ஏறி அங்கே உட்காரப் போனால் பெட்டி மொத்தமும் சொல்லும்:

"அங்க உக்காராதீங்க சார், அது மாப்ள சீட்டு."