இறுப்பிட்டியில நண்டுக்கறி தேடிப் போன கதை

நேற்று எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ரூபனுக்கு மத்தியானம் நண்டுக்கறியோட ஒரு நல்ல ஊர்ச் சாப்பாடு வாங்கிக் குடுக்கிறது.

ரூபன் என்ர மனுசி வசந்தியின்ர தம்பி. கனடாவில பிறந்து வளந்தவன். ரெண்டு கிழமை லீவில வந்து எங்கட வீட்டில நிக்கிறான்.

"இதுவும் ஒரு வேலையோ?" எண்டு நீங்கள் கேப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

முந்தாநாளைக்கு முதல் நாள் அவனைக் கொத்துரொட்டி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனனான். "யாழ்ப்பாணத்தில இப்பிடிக் கொத்து வேற எங்கயும் இல்லை" எண்டு வேற சொன்னனான். பெடியன் விடிய விடியக் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடந்தான்.

முந்தாநாள் பயத்தில ஏசி போட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். மெனுவில வாசிக்கத் தெரிஞ்ச ஒண்டைச் சொன்னன். பட்டர் சிக்கன் வந்தது. ரூபன் ஒரு வாய் வைச்சிட்டு, "அத்தான், இது ரொறொன்ரோவில எங்கட வீட்டுக்குக் கீழயே இருக்கு" எண்டான்.

வசந்தி நேற்று விடியவே சொல்லிப்போட்டா.

"இஞ்சேருங்கோ, அவன் நாளைக்குக் கொழும்புக்குப் போறான். இண்டைக்காவது அவனுக்கு வாய்க்கு ருசியா ஏதும் குடுங்கோ. இண்டைக்கும் குழப்பினியள் எண்டால், இனி எங்க சாப்பிடுறதெண்டு நான்தான் சொல்லுவன்."

கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர அதிகாரம் ஒவ்வொண்டாப் போய்ப் போய், எங்க சாப்பிடுறது எண்ட ஒண்டுதான் மிச்சம். அதையும் குடுத்தால் பிறகு நான் அந்த வீட்டில ஒரு அலுமாரிதான். விடேலாது!

வசந்திக்குக் கந்தோரில வேலை. நானும் ரூபனும் மோட்டார்சைக்கிள்ல வெளிக்கிட்டம்.

முதல்ல சாட்டிக் கடற்கரை. ரூபன் ஆசை தீரக் குளிச்சான். நான் கரையில கடை கடையா நண்டு விசாரிச்சன்.

ஒரு கடையில றோல்ஸ். அடுத்ததில ஐஸ்கிறீம். மற்றதில பிறைட் றைஸ்.

"தம்பி, நண்டுக்கறி இல்லையோ?"

"நண்டோ? அதெல்லாம் விடியவே ஐஸ் பெட்டியில கொழும்புக்குப் போட்டுது அண்ணை. கொழும்பில போய்க் கேளுங்கோ."

சுத்திவரக் கடல். அந்தக் கடல்ல பிடிச்ச நண்டு எனக்கு முதலே பஸ் ஏறீட்டுது!

இனிச் சரிவராது எண்டு என்ர சிநேகிதன் குகனுக்குப் போன் அடிச்சன். தீவுப் பக்கம் வேலைக்குப் போய்வாறவன், எல்லாம் தெரியும்.

"புங்குடுதீவுக்குப் போ. இறுப்பிட்டியில ஒரு அக்கா வீட்டில வைச்சுச் சமைச்சுக் குடுக்கிறா. பேர்ப்பலகையும் இல்லை, பேரும் இல்லை. வாசல்ல மோட்டார்சைக்கிள் நிறைய நிண்டால் அதுதான் வீடு. ஒண்டும் கேக்காதை. போய் இரு. கொண்டுவந்து வைப்பினம்."

இதைக் கேட்ட உடன எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பேர்ப்பலகை இல்லாத கடை! இதைத்தானே உலகம் முழுக்கத் தேடுகினம்!

"ரூபன், ஏறடா!"

வழியில சங்கிலி கழண்டு, அதைப் பூட்டி, ஒரு ஒழுங்கை பிழைச்சு, பிழைச்ச ஒழுங்கைக்குள்ள மாடு மறிச்சு, ஒரு மாதிரி இறுப்பிட்டிக்குப் போய்ச் சேரேக்கை பொழுது சாயுது. மத்தியானச் சாப்பாடு பின்னேரச் சாப்பாடாப் போச்சு. ரூபன்ர வயிறு கத்துறது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேக்குது.

பெரிய பெரிய வீடுகள். எல்லாம் பூட்டு. றோட்டில ஆடு சாய்ச்சுக்கொண்டு ஒரு ஐயா வந்தார்.

"ஐயா, இஞ்ச சாப்பாடு எந்த வீட்டிலை?"

அவர் எங்களை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்தார். "எங்க இருந்து வாறியள்?"

"யாழ்ப்பாணத்தில இருந்து. இதுக்கெண்டே வந்தனாங்கள்."

"இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள், என்ன?" ஐயாவின்ர முகம் மாறீட்டுது. "நேர போய் வைரவர் கோயிலடியில திரும்புங்கோ. மோட்டார்சைக்கிள் நிறைய நிக்கும். நல்ல மனுசன், தம்பி. நல்ல மனுசன்."

"கேட்டியோ?" எண்டன் ரூபனிட்டை. "ஊர்ச் சனமே கடைக்காரரை இப்பிடிப் புகழுது!"

திரும்பினம். குகன் சொன்னது அச்சொட்டு. படலையடியில மோட்டார்சைக்கிள் வரிசை. முத்தத்தில தகரப் பந்தல். சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை. குசினிப் பக்கம் இருந்து நண்டுக் குழம்பு வாசம்!

எனக்குக் கண் கலங்கீட்டுது. உண்மையாத்தான் சொல்லுறன்.

வாசல்ல நிண்ட ஒருத்தர் ஒண்டும் பறையாமல் தலையை மட்டும் ஆட்டினார். செம்பில தண்ணி தந்தார். கை கழுவினம். இருந்தம். இலை வந்தது.

"ரூபன், பாத்தியோ? பாட்டில்லை, ரீவியில்லை. எல்லாரும் மெல்லமாத்தான் கதைக்கினம். பரிமாறுற ஆக்களெல்லாம் வெள்ளை வேட்டி. யூனிபோமடா!"

விறாந்தையில ஒரு ஐயாவின்ர பெரிய படம். மாலை. குத்துவிளக்கு. படத்துக்கு முன்னால தலைவாழை இலையில நண்டு, இறால், பொரிச்ச கணவாய், புட்டு, எல்லாம் குவிச்சுக் கிடக்கு. பக்கத்தில ஒரு சாராயப் போத்தில். ஒரு சுருட்டு.

"அத்தான், அது ஆரின்ர படம்?"

"கடையைத் துவங்கின ஐயாவா இருக்கும்."

"அந்த இலை?"

"இண்டைக்கு என்னென்ன இருக்கெண்டு காட்டுறதுக்கு வைச்சிருக்கினம். மெனு வாசிக்கத் தேவையில்லை. என்ன மூளை பார்!"

நான் யாழ்ப்பாணத்தில பிறந்து, யாழ்ப்பாணத்திலயே தலை நரைச்சவன். இப்பிடி எத்தினை வீட்டுக்குப் போய் எத்தினை தரம் சாப்பிட்டிருப்பன். ஆனா பசி வந்தால் எனக்கு மூளை வேலை செய்யிறேல்லை. பசி இல்லாட்டியும் பெரிசா வேலை செய்யிறேல்லை எண்டு வசந்தி சொல்லுவா.

நண்டு வந்தது. ஐயோ! முருங்கையிலை போட்டு, சரக்குத்தூள் போட்டு, குழம்பு தடிப்பா... ரூபன் கதைக்கிறதையே நிப்பாட்டிப்போட்டான். நான் காலைக் கடிச்சு, ஓட்டை உறிஞ்சி, விரல் ஒவ்வொண்டையும் சூப்பி, மானம் மரியாதை எல்லாத்தையும் இலைக்குக் கீழ வைச்சிட்டுச் சாப்பிட்டன்.

வெள்ளைச் சீலை கட்டின ஒரு அம்மா உள்ளுக்கிருந்து வந்து என்னையே பாத்துக்கொண்டு நிண்டா.

"வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. அவருக்கும் நண்டெண்டால் உயிர். உங்களை மாதிரித்தான் உறிஞ்சுவார்."

"ஐயாவின்ர கைப்பக்குவமோ அம்மா இது?"

"அவருக்குச் சுடுதண்ணியும் வைக்கத் தெரியாது. சாப்பிட மட்டுந்தான் தெரியும்."

முதலாளியைப் பற்றி இப்பிடி ஒளிவுமறைவில்லாமல் சொல்லுற கடை வேற எங்க இருக்கு?

ரூபனுக்கு இன்னும் கணவாய் வேணுமாம். பரிமாறின தம்பியைக் கூப்பிட்டன்.

"கணவாய் முடிஞ்சுது அண்ணை."

"அந்த இலையில கிடக்கே!"

அவர் படத்தைப் பாத்தார். என்னைப் பாத்தார். "அது... அவருக்கு."

"அவர் எத்தினை மணிக்கு வருவார்?"

ஒருத்தர் புட்டை வாயில வைச்சபடி அப்பிடியே இருக்கிறார்.

கடைசியில மூலையில இருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிப்போட்டு, "விளக்கு வைச்சாப் பிறகு வருவார் எண்டுதான் தம்பி நாங்கள் நம்புறம்" எண்டார்.

"அப்ப அவர் வாறதுக்கிடையில இது ஆறிப்போமெல்லோ! இதை இவனுக்குத் தந்திட்டு, அவர் வரேக்கை சுடச்சுடப் பொரிச்சுக் குடுங்கோவன்!"

பரிமாறின தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போயிட்டார். சரி, வழமையா வாற ஆளுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கினமாக்கும் எண்டு நானும் பெருந்தன்மையா விட்டிட்டன்.

அதுக்குப் பிறகுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. வெற்றியை வசந்திக்குக் காட்டவேணும்!

இடக்கையால படம், மாலை, இலை, போத்தில், சுருட்டு எல்லாம் விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தன். "கண்டுபிடிச்சிட்டன்! இனி மாதத்தில ஒருக்கா இஞ்சதான்!" எண்டு எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில போட்டன்.

முதல் பதில் பெரியப்பாவிட்டை இருந்து. "ஓம் சாந்தி."

"பெரியப்பாவுக்கு வயசு போட்டுது" எண்டன் ரூபனிட்டை. "எந்தப் படத்தைப் போட்டாலும் இதைத்தான் எழுதுவார்."

அடுத்தது வசந்தி. எழுதேல்லை. குரல் பதிவு. என்ர வலக்கை விரல் முழுக்கக் குழம்பு. இடக்கைப் பெருவிரலால அமத்தினன். மோட்டார்சைக்கிள்ல குகன் வழி சொல்லுறது கேக்கவேணுமெண்டு சத்தத்தை முழுசாக் கூட்டி வைச்சது எனக்கு அப்ப ஞாபகம் இல்லை.

"விசர் மனுசா! அது கடையில்லை! செத்தவீடு! இண்டைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவு! செத்த ஆளுக்கு விருப்பமானதைப் படைச்சு வைச்சிருக்கினம், நீங்கள் நடுவில இருந்து நண்டு சூப்பிறியள்! எழும்பி வாங்கோ! இனி நான் சொல்லுற இடத்திலதான் சாப்பாடு!"

இறுப்பிட்டி முழுக்கக் கேட்டிருக்கும். ஒழுங்கையில நிண்ட நாயும் குரைக்கிறதை நிப்பாட்டீட்டுது.

நான் இலையைப் பாத்தன். இலையில ஓட்டு மலை. படத்தைப் பாத்தன். ஐயா என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆளின்ர கணவாயை எல்லோ நான் கேட்டனான்! பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசமாப் போயிருப்பன்.

"அம்மா... நாங்கள்... கடையெண்டு..."

அந்த அம்மா சீலைத் தலைப்பால வாயைப் பொத்தினா. தோள் குலுங்குது. அழப்போறா எண்டுதான் நினைச்சன்.

அவ அழேல்லை. சிரிச்சா! சிரிச்சுச் சிரிச்சு விறாந்தைத் தூணைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டா.

"உயிரோட இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைச்சிருப்பார்" எண்டா. "இருங்கோ தம்பி. சாப்பாட்டில இருந்து எழும்பப்படாது. பிள்ளை, அந்தத் தம்பிக்கு இன்னும் ஒரு நண்டு போடு."

அவ சிரிச்ச உடன பந்தல் முழுக்கச் சிரிச்சுது. அந்த ரெண்டாவது நண்டை நான் தலையைக் குனிஞ்சுகொண்டு, சத்தம் போடாமல் சாப்பிட்டன்.

குசினியில இருந்து கரண்டியோட ஒரு அக்கா வந்து எட்டிப் பாத்தா.

"நீங்கள் தேடி வந்தது என்ர வீட்டைத் தம்பி. அடுத்த ஒழுங்கை. இண்டைக்குப் பூட்டு. அயலில செத்தவீடு எண்டால் நான் இஞ்சதானே சமைக்கவேணும்."

அப்ப கைப்பக்குவம் சரியாத்தான் பிடிச்சிருக்கிறன். வீடு மட்டுந்தான் பிழை! இதை வசந்திக்கு உடன எழுதினன்.

கை கழுவிப்போட்டு, செத்தவீட்டு முறைப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் நடையைக் கட்டினன். செத்தவீட்டில இருந்து போகேக்கை "போயிட்டு வாறம்" எண்டு வாய் தவறியும் சொல்லப்படாது. திரும்பவும் ஒரு சாவுக்கு வாறம் எண்ட மாதிரிப் போயிடும். எனக்குத் தெரியும்.

ரூபனுக்குத் தெரியாது.

கனடாவில நல்லா வளத்த பிள்ளை. படலையடியில திரும்பி நிண்டு, ரெண்டு கையையும் கூப்பி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னான்.

"மிச்சம் நன்றி! சாப்பாடு சூப்பர்! கட்டாயம் திரும்பி வருவம்!"

கிழவியள் ரெண்டு பேர் "ஐயையோ" எண்டு நெஞ்சில கை வைச்சினம். நான் ரூபன்ர தலையில ஹெல்மெட்டைக் கவிழ்த்து மோட்டார்சைக்கிளை உதைக்கிறன், உதைக்கிறன், ஸ்ராட் வருகுதில்லை.

விறாந்தையில இருந்து அந்த அம்மா கூப்பிட்டுச் சொன்னா:

"முப்பத்தொண்டாம் நாளுக்கு வாங்கோ தம்பி. ஆனா அண்டைக்குச் சைவம்."