ஆதாரம் இல்லாத முட்டி

மனிதகுலம் கண்டெடுத்த அறங்களில் தலையாயது நடுநிலை. அதைக் கட்டிக்காக்கும் கடைசிக் கோட்டை இணையக் கலைக்களஞ்சியம். அந்தக் கோட்டைக்கு நானும் ஒரு காவலாளி என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது.

என் பொறுப்பில் இருந்தது ஒரு கல்லூரிக் கூடைப்பந்து வீரரின் வாழ்க்கை வரலாறு. வீரர் என் அக்கா மகன். அக்காவுக்கு வெளியூரில் வேலை. இந்த ஊரில் அவனுக்குச் சொந்தம் என்று இருப்பது நான் ஒருவன்தான். உயரத்தை வைத்து வீட்டில் அவனை ‘ஏணி’ என்போம். அதைக் கட்டுரையில் எழுதினேன். தலைமைத் தொகுப்பாளர் உடனே நீக்கிவிட்டார். பகலில் அவர் மருந்துக்கடைக்காரர்.

“வீட்டுல கூப்பிடுறதுக்கெல்லாம் ஏது சார் ஆதாரம்? அதுவும் நீங்க தாய்மாமன். சொந்தக்காரர் எழுதினா பாசம் ஒழுகும். அப்புறம் கட்டுரையையே தூக்கிடுவாங்க.”

தூக்குவதா? ராத்தூக்கம் கெட்டு உழைத்தவன் நான்! அன்றே பாசத்தை நிறுத்தினேன். பிறந்தநாளுக்கு வாழ்த்தவில்லை. வீட்டுக்கு வந்தால் “வாங்க, உக்காருங்க” என்றேன். ‘அவன்’ என்று நினைப்பதைக்கூட விட்டு, ‘அவர்’ என்று நினைக்கப் பழகினேன்.

“என்ன மாமா இது? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

“கட்டுரைக்குரியவரோட நான் விவாதிக்கிறதில்ல.”

சாப்பிடாமலே போய்விட்டார்.

இறுதி ஆட்டத்துக்குப் போனேன். பார்க்க அல்ல, கட்டுரைக்குப் படம் எடுக்க. இரண்டாம் பாதியில் அவர் எம்பிப் பந்தைப் போட்டார். பந்து கூடைக்குள் போனது. இறங்கும்போது முட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் நேரில் பார்த்ததெல்லாம் ஆதாரமாகாது, அச்சில் வந்தால்தான் ஆதாரம். எனவே அமைதி காத்தேன்.

அக்கா போனில் அலறினாள். “டேய், புள்ள விழுந்துட்டானாமே! எப்படிடா இருக்கான்?”

“உறுதிப்படுத்தாத தகவலைப் பத்திக் கருத்து சொல்ல முடியாதுக்கா.”

“நீ அங்கதானேடா உக்காந்திருக்க? கண்ணு தெரியுதுல்ல?”

“நல்லாத் தெரியுது. அதான் சிக்கல்.”

கீழே பயிற்சியாளர் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பையனோட சொந்தக்காரங்க யாராவது வந்திருக்கீங்களா? ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகணும்.”

ஏணி தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தான். மன்னிக்கவும், பார்த்தார்.

“மாமா!”

எழுந்து ஓடலாமா என்று என் கால் துடித்தது உண்மை. ஆனால் கட்டுரை? படம் எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்திருந்தது.

மறுநாள் செய்தித்தாளில் வந்தது: ‘வீரரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. உறவினர் எவரும் முன்வராததால் எதிரணி வீரர் ஒருவர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.’

அச்சில் வந்துவிட்டது! ஒரு சொல் மாற்றாமல் ‘காயம்’ என்ற புதுத் தலைப்பில் சேர்த்தேன். அந்த வாரமே அது ‘சிறந்த கட்டுரை’ ஆகி நட்சத்திரம் பெற்றது. பாராட்டு விழா மருந்துக்கடையிலேயே நடந்தது. தலைமைத் தொகுப்பாளர் எனக்குச் சால்வை போர்த்தும் நேரத்தில் ஒருவர் ஊன்றுகோலோடு வலி மாத்திரை வாங்க வந்தார். கட்டுரைக்குரியவர்!

தலைமைத் தொகுப்பாளர் பூரித்துப்போய்க் கணினியை அவர் பக்கம் திருப்பினார். “வாங்க தம்பி! முழுசாப் படிங்க. எந்த வரியிலயாவது இவர் உங்க மாமான்னு கண்டுபிடிக்க முடியுதா பாருங்க!”

ஏணி நிதானமாக, கடைசி வரி வரை படித்தார். மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊன்றுகோலை வாசல் பக்கம் திருப்பினார்.

“முடியல சார். அன்னிக்கு மைதானத்துலயும் முடியல.”