ரெண்டு சக்கரத்துக்கு ஒரு மன்னிப்பு

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் மைத்துனன் வரவில்லை.

சோபாவின் ஒரு ஓரத்தில் பிரேக் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மறு ஓரம் காலி. டி.வி.யில் இருபது கார்கள் உறுமிக்கொண்டு சுற்றின. வழக்கமாக முதல் ரவுண்டிலேயே எழுந்து நின்றுவிடுகிறவர், அன்று ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பழகுகிற காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. குறுக்கே நாய் வருமோ என்று மாணவருக்குத் தோன்றுவதற்குள் இவர் அதை மிதித்திருப்பார். பெயர் அப்படி வந்ததுதான். வாரம் முழுக்க முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர், ஞாயிறு மதியம் டி.வி. முன்னால் முன்னூறில் பறப்பார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தம்பி இன்னிக்கும் வரலையா?"

"கடையில வேலை இருக்கும்."

"ஞாயித்துக்கிழமையிலயா? பதினோரு வருஷமா இல்லாத வேலை இப்ப எங்கேருந்து முளைச்சுது? நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? நான் என்ன சொல்லப்போறேன்?" என்றார் வாத்தியார். ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

பதினோரு வருடமாக அந்த வீட்டில் ஞாயிறு மதியம் என்றால் ரேஸ்தான். முதலில் கார், அது முடிந்ததும் பைக். மைத்துனனுக்கு பைக் மெக்கானிக் தொழில். கார் ரேஸ் ஓடும்போது அவன் கொட்டாவி விடுவான்.

"இதுல என்ன மாமா தெரியுது? ஒரு ஹெல்மெட்டு. உள்ள இருக்கவன் முழிச்சிருக்கானா தூங்குறானான்னுகூடத் தெரியலை. முதல் திருப்பத்துல எவன் முன்னாடியோ, கடைசி வரைக்கும் அவனேதான்."

"உனக்கு என்னடா தெரியும்? ரெண்டே செகண்டுல நாலு டயரையும் மாத்துறான். இருபது பேரோட மூளை வேலை செய்யுது. உங்க பைக் ரேஸ்ல என்ன இருக்கு? எவன் எப்ப விழுவான்னு காத்துக்கிட்டிருக்கறதுதானே?"

இப்படித்தான் போகும். சண்டை போட்டுக்கொண்டே டீ குடிப்பார்கள், சண்டை போட்டுக்கொண்டே வாசல் வரை போவார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு மறுபடியும் காலிங்பெல் அடிக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பைக் ரேஸின் கடைசி ரவுண்டு. மைத்துனனுக்குப் பிடித்த வீரன் முதலில் வந்துகொண்டிருந்தான். கடைசி வளைவில் சறுக்கி விழுந்தான். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் தவறியது.

"ரெண்டு சக்கரத்தை நம்பினா இந்தக் கதிதான். நீயும்தான் ஒரு காலத்துல ரேஸ் ஓட்டினே. விழுந்து எந்திரிச்சதைத் தவிர என்னத்தைக் கிழிச்சே?"

மைத்துனன் இருபத்திரண்டு வயதில் ஒரு வருடம் ரேஸ் ஓட்டியவன். மூன்றாவது பந்தயத்தில் விழுந்தான். தோள் எலும்பு நொறுங்கி, எட்டு மாதம் படுக்கையில் கிடந்தான். அதோடு ரேஸ் போயிற்று. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவும் இல்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது.

அன்று மைத்துனன் பதிலே பேசவில்லை. கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "வரேன் மாமா" என்று கிளம்பிப் போய்விட்டான். ஊருக்கெல்லாம் பிரேக் போடுகிறவருக்குத் தன் நாக்குக்குப் போடத் தெரியாமல் போயிற்று.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த மௌனம்தான் மூன்று வாரமாக வாத்தியாரைத் தூங்கவிடவில்லை.

போன் செய்து பார்த்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அதே கதை. ஐந்தாவது தடவை எடுக்காதபோது, 'சரி, நேரா மன்னிப்புக் கேட்டா குத்தின மாதிரி இருக்கும், நாசூக்கா ஆரம்பிப்போம்' என்று முடிவு செய்தார். போனில் பைக் ரேஸ் படம் ஒன்றைத் தேடினார். சிவப்புச் சட்டை, நீல வானம், பின்னணியில் கூட்டம். பார்க்க ஜோராக இருந்தது. 'இனிய காலை வணக்கம் மாப்ளே' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயையோ, என்னங்க இது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டு பார்த்தார். பைக் தனியாகத் தரையில் கிடந்தது. ஆள் தனியாக ஆகாயத்தில் இருந்தான். நீல வானம் அவ்வளவு தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

அழிப்பதற்குள் மைத்துனன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் மட்டும் வரவில்லை.

"அவன் விழுந்தவன்னு தெரியும். தெரிஞ்சே விழுறவன் படத்தை அனுப்புறீங்க. மனுஷன் செய்யற காரியமா இது?" என்றாள் மனைவி. இரண்டு நாள் அவளும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு வாத்தியார் வேறு ஒரு வழி பிடித்தார். பைக் ரேஸை ஒழுங்காகப் பார்ப்பது. அதில் நாலு நல்ல விஷயத்தைப் பொறுக்கி, நேரில் போய்ப் பாராட்டுவது. இத்தனை வருடம் பைக் ரேஸ் ஆரம்பித்ததும் பேப்பரை விரித்துக்கொள்கிறவர், அன்று பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி குறிப்பு நோட்டுடன் உட்கார்ந்தார்.

நோட்டில் இரண்டு வரிதான் எழுதினார். மூன்றாவது வரிக்குப் பேனா ஓடவில்லை.

வளைவு வரும்போது அவர்கள் வண்டியோடு சேர்ந்து அப்படியே தரையில் சாய்ந்தார்கள். முழங்கால் ரோட்டை உரசியது. சில பேருக்கு முழங்கையும் உரசியது. பிரேக் பிடிக்கும்போது ஒருவன் ஒற்றைக் காலை வெளியே தொங்கவிட்டான். பயம், பிடிவாதம், களைப்பு எல்லாம் அந்த முதுகிலேயே தெரிந்தது. கடைசி ரவுண்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி நான்கு தடவை முந்தினார்கள். வாத்தியாரின் வலது கால் தரையை மிதித்து மிதித்துச் செருப்பு எங்கோ போய்விட்டது. கடைசி வளைவில் ஒருவன் சறுக்கி, விழாமல், முழங்காலாலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி ஜெயித்தான்.

"பார்த்தியா மாப்ளே!" என்று கத்திக்கொண்டே வாத்தியார் பக்கத்தில் திரும்பினார்.

காலி சோபா.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு? யாரு கத்தினது?"

"ஒண்ணுமில்ல," என்றார். கழன்ற செருப்பைத் தேடிக்கொண்டே, "பதினோரு வருஷம் பேப்பரைப் பார்த்துட்டேன்" என்றார். அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை நேராக மைத்துனன் கடைக்கே போவதென்று கிளம்பினார். காரில் போய் இறங்கினால் திமிராகத் தெரியும். பைக்கில் போனால் அதுவே பாதி மன்னிப்பு. டிரைவிங் ஸ்கூல் கிளார்க்கிடம் பைக்கை இரவல் கேட்டார்.

"சார், நீங்க பைக் ஓட்டி எவ்வளவு நாளாச்சு?"

"நான் எத்தனை பேருக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்திருக்கேன் தெரியுமா?"

"அது காரு சார்."

"ரோடு ஒண்ணுதானேப்பா," என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

வழியெல்லாம் நன்றாகத்தான் போனார். ஒரு சைக்கிள் இவரை முந்திக்கொண்டு போனது. கடை வாசலில் நிறுத்தும்போதுதான் கை ஒன்றும் கால் ஒன்றும் நினைத்தன. வண்டி ஒரு துள்ளு துள்ளியது. வாசலில் வரிசையாக நின்ற ஆறு பைக்குகளில் முதலாவதை முட்டினார். அது இரண்டாவது மேல் சாய, இரண்டாவது மூன்றாவது மேல் சாய, ஆறாவது நிதானமாக யோசித்துவிட்டு விழுந்தது.

மைத்துனன் கையில் ஸ்பேனருடன் ஓடி வந்தான்.

"மாமா! அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ளே. என்னை மன்னிச்சிடு."

"எதுக்கு மாமா மன்னிப்பெல்லாம்? வண்டிதானே, நிமிர்த்திட்டாப் போச்சு. உள்ள வாங்க."

எவ்வளவு பெரிய மனசு! வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே மூன்று வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். மைத்துனனின் மனைவி உதிரிபாகங்களை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஏர் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டிக்காக இல்ல மாப்ளே. அன்னிக்கு நான் சொன்னதுக்காக."

"என்ன சொன்னீங்க?"

என் வாயாலேயே சொல்லவைக்கிறான், நியாயம்தான், என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார். தண்டனையை முழுசாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமே என்று அருகில் போய், தொண்டை கிழியக் கத்தினார்:

"நீயும்தான் ரேஸ் ஓட்டினே! விழுந்து எந்திரிச்சதைத் தவிர என்னத்தைக் கிழிச்சேன்னு கேட்டேனே!"

பாதியிலேயே கம்ப்ரஸர் நின்றுவிட்டது. மீதி வாக்கியம் கடை முழுக்கக் கணீரென்று ஒலித்தது. மூன்று வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மைத்துனன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கைத்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தான்.

"தப்புதான் மாப்ளே. நேத்து பைக் ரேஸ் முழுசாப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. கார் ரேஸெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. மனுஷன் தெரியுறான்டா அதுல!"

"அப்படியா?" என்றான் மைத்துனன். பதினோரு வருடமாகக் கேட்கத் துடித்த வார்த்தை அது. எவனோ வெளியூரில் மழை பெய்கிறது என்று சொன்னதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டான். "சரி மாமா. வேலை இருக்கு." குனிந்து ஒரு இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டான்.

வாத்தியார் வெளியே வந்தார். உடைந்த பைக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மைத்துனனின் மனைவியும் பின்னாலேயே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இன்னும் கோபம் போகலை போலிருக்கும்மா," என்றார் வாத்தியார். "அதனாலதானே ஞாயித்துக்கிழமை வரதில்லை, போனை எடுக்கறதில்லை. அந்தப் படம் வேற."

"அந்தப் படத்தைப் பார்த்து வீட்ல விழுந்து விழுந்து சிரிச்சாருண்ணா. மாமா என்னை மாதிரியே விழுற ஆளாத் தேடிப் பிடிச்சிருக்காருன்னு."

"பின்னே ஏன் வரலை?"

அவள் கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்ஜின் சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லிடுவாருன்னுதான் கடைக்கு ஆளுங்க வராங்க. ஆனா கொஞ்ச நாளா அவருக்கு ஒரு காது சுத்தமாப் போச்சு, இன்னொண்ணு பாதிதான். போன்ல பேசினா ஒண்ணும் புரியறதில்ல. டி.வி. சத்தம்கூடக் கூடாதுன்னு டாக்டர் போன மாசம் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமையானா வீட்லயே சத்தத்தை நிறுத்திட்டு ரேஸ் பார்க்கறாரு."

வாத்தியார் கடைக்குள் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்னது எதுவும் அவர் காதுல விழலைண்ணா," என்றாள் அவள். "இன்னிக்குத்தான் விழுந்துச்சு."