கேசட்டில் ஏறிய குதிரை

“குதுர எங்க சார்?” என்று கேட்டான் விக்கி. மந்தைவெளியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தோளில் கேமராவோடு கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“இதுதான்,” என்றான் சாய்நாத்.

ஊஞ்சல் பலகையில் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உட்கார்ந்திருந்தான் அவன். அடியில் தலையணை. கையில் பழைய பெல்ட். அதுதான் லகான்.

“இடுப்புக்குக் கீழ வராம எடு.”

“சர்தான்,” என்றான் விக்கி. கல்யாண வீடியோக்காரன் எதைத்தான் பார்க்கவில்லை.

எல்லாம் வாய் செய்த வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் மதுவந்தியின் தாய்மாமன் ஸ்ரீரங்கன் ஆரம்பித்தார். ஊட்டிக்காரர். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத மனுஷன்.

“இந்தக் காலத்து மாப்பிள்ளைகள் ஜானவாச ஊர்வலத்துல கார்ல பொம்மையாட்டம் உக்காந்துண்டு வரான்கள். குதிரைல வரணும். அதான் ஆம்பளைக்கு அழகு. உன்னால முடியுமோ? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, காருக்கு ஏற்பாடு பண்ணிடறோம்.”

கூடமே பார்த்தது. மதுவந்தியும் பார்த்தாள். வாயில் பஜ்ஜியோடு, “முடியும்,” என்றான் சாய்நாத்.

“அப்ப நான் கத்துத் தரேன். ஊட்டிலேர்ந்து கேசட் அனுப்பறேன். பார்த்துப் பழகு. நீ ஓட்டறதைப் படம் எடுத்து அனுப்பு. தப்பு இருந்தா அடுத்த கேசட்ல சொல்றேன்.”

கூரியரில் குதிரையேற்றம். மனுஷன் நேரில் சொன்னால் நம்பாததை டி.வி. பெட்டி சொன்னால் நம்புகிற காலம் வந்துவிட்டது.

முதல் கேசட் வந்ததும் சாய்நாத் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனான். அங்கே சவாரிக்கு நின்ற குதிரை தலையைத் திருப்பி அவனை ஒரு தடவை பார்த்தது. அவ்வளவுதான். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

“முடியாதுன்னு ஒரு போன் பண்ணிடேண்டா. கார்ல போனா என்ன குறைஞ்சுடும்?” என்றாள் அவன் அம்மா காமாக்ஷி.

“ஆயுசுக்கும் அந்தத் தொப்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும்மா. அந்த வார்த்தை மட்டும் என் வாயிலேர்ந்து வராது. தள்ளு.”

தள்ளினாள். ஊஞ்சல் கிறீச் கிறீச்சென்று ஆடியது. கேசட் ஊட்டிக்குப் போனது.

பதில் கேசட்டில் ஸ்ரீரங்கன் இடுப்புவரை தெரிந்தார். பின்னால் தேயிலை மலை. டக் டக்கென்று குளம்புச் சத்தம். லேசாக ஆடிக்கொண்டே பேசினார்.

“முதுகை நிமிர்த்து. கிறீச்சுன்னு சத்தம் வரது பாரு, அதுக்கு எண்ணெய் போடு. பின்னாடி ஏதோ காலண்டர் மாதிரி வந்து வந்து போறது, அதை மறை.”

“குதிரைக்கு எங்கடா எண்ணெய் போடறது?” என்றாள் காமாக்ஷி.

“சேணத்தைச் சொல்றார்மா.”

சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டார்கள். காலண்டரை மறைத்து நீலப் போர்வை கட்டினார்கள்.

“சார், வானம் கீஞ்சிக்கீது,” என்றான் விக்கி.

போர்வையைத் திருப்பிக் கட்டினார்கள். இப்போது சத்தமே இல்லை. அதுவும் வம்பாகிவிட்டது. அடுத்த கேசட்டில் தொப்பி கேட்டது: “உன் குதிரை நடக்கறதா, மிதக்கறதா? என் குதிரைச் சத்தத்தைக் கேளு.”

காமாக்ஷி கையில் இரண்டு கொட்டாங்கச்சியைக் கொடுத்தான் சாய்நாத். டக் டக். டக் டக். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தச்சு வேலை எப்போது முடியும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

“பேஷ்!” என்றது ஊட்டி. “அடுத்தது ஓட்டம்.”

“என்னைக் கொட்டாங்கச்சி தட்ட வெச்சுட்டியேடா பாவி!” என்று காமாக்ஷி ஆத்திரத்தில் ஒரு தள்ளுத் தள்ளினாள். எண்ணெய் குடித்த ஊஞ்சல். சாய்நாத் படத்தை விட்டே பறந்து கொலு பொம்மை அலமாரிக்குள் போய் விழுந்தான். செட்டியார் பொம்மைக்குத் தலை போயிற்று.

“சூப்பர் சார்! அப்டியே வந்துக்கீது. அனுப்பிரலாமா?”

“அனுப்பு,” என்றான் அவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

ஊட்டியிலிருந்து போனே வந்துவிட்டது. “அடேயப்பா, தாண்டவே தாண்டறயே! உனக்குச் சின்னக் குதிரை ஆகாது. இருக்கறதுலயே பெரிசாச் சொல்லிடறேன்.”

ஜானவாசத்தன்று மாலை, மயிலாப்பூரில் பிள்ளையார் கோயில் வாசலில் அது நின்றது. வெள்ளைக் குதிரை. சின்ன லாரி உயரம். கயிற்றைப் பிடித்திருந்தவள் அஃப்சருன்னிசா, குதிரைக்குச் சொந்தக்காரி. வாயில் வெற்றிலை.

“ஏறு நைனா. ஊர்ல பாதி மாப்பிளய தூக்கிக்கினு போயிக்கீது இது.”

சாய்நாத் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். “இப்பவாவது சொல்லிடுடா,” என்று முணுமுணுத்தாள் காமாக்ஷி.

“எல்லாரும் கேட்டுக்கோங்கோ!” என்று கத்தினான் அவன். நாயனம் நின்றது. “நான் குதிரையே ஏறினதில்லை. கேசட்ல நீங்க பார்த்ததெல்லாம் எங்காத்து ஊஞ்சல். ஆனா முடியும்னு சொன்னேன். ஏறறேன்!”

ஸ்டூல் போட்டு ஏறினான்.

“நைனா, மூஞ்சி இந்தப் பக்கம் கீது,” என்றாள் அஃப்சருன்னிசா.

இறங்கி மறுபடி ஏறினான். குதிரை நாலடி நடந்தது. பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விழவில்லை. விழவே இல்லை.

“எங்கே குருநாதர்?” என்று மேலிருந்து கூவினான். “வந்து கயித்தைப் பிடிக்கச் சொல்லுங்கோ! நான் ஏறிட்டேன், அவரும் ஏறி ஒரு சுத்து வரட்டும்!”

எல்லோரும் தேடினார்கள். ஸ்ரீரங்கனின் தொப்பி பூக்கடைக்கு அந்தப் பக்கம், புறப்பட்டுவிட்ட ஓர் ஆட்டோவுக்குள் தெரிந்தது.

ஸ்ரீரங்கனின் மனைவி சாருலதா சீர்த்தட்டைக் கீழே வைத்தாள். காமாக்ஷியிடம் வந்து, காய்த்துப்போன தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“ஊட்டில எங்காத்து ஊஞ்சலுக்குக் கொட்டாங்கச்சி தட்டினது நான்தான், மாமி.”