ஏற்காட்டு மரமும் ஜமீலாவின் மல்லியும்

கல்யாணமான புதிதில் ஆண்பிள்ளைக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. எனக்குச் செடி வளர்க்கக்கூடத் தெரிந்திருந்தது.

எழுபதுகளின் கடைசி. செங்கம் சாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆசிரமத்துக்கு வந்திருந்த எல்சா என்ற ஜெர்மன்காரம்மா குடியிருந்தார். கிறிஸ்துமஸுக்காக ஏற்காட்டிலிருந்து இடுப்புயர மரம் ஒன்றைத் தொட்டியோடு பஸ்ஸில் கொண்டுவந்தார். (கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டாராம்.) பண்டிகை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, "உயிர் மரம். குப்பை வேண்டாம்" என்று கண்கலங்கினார். நட்டு வளர்ப்பதாக நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொல்லையில் நல்ல மண் இருந்தது ஒரே இடத்தில்தான். அங்கே என் மனைவி ஜமீலாவின் மல்லிச்செடி இருந்தது. ஆரணியில் தன் அம்மா வீட்டுக் கொடியிலிருந்து பதியன் போட்டு எடுத்து வந்தது. புகுந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"தொட்டியிலயே இருக்கட்டுங்க. குளிர்ல வளந்தது, நம்ம மண்ணு ஒத்துக்குதான்னு கொஞ்ச நாள் பாத்துட்டு வைக்கலாம்" என்றாள்.

"மரத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று மல்லிக்குப் பக்கத்திலேயே நட்டேன். (எனக்குத் தெரிந்ததெல்லாம் மல்துணியும் பாப்ளினும்தான். ஜவுளிக்கடைக்காரன்.)

பங்குனி வெயிலில் மரத்தின் இலையெல்லாம் மஞ்சளாகப் பழுத்தது. தினமும் ஐஸ்கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி அதன் அடியில் வைத்தேன். பக்கத்து வீட்டு முனுசாமி எட்டிப் பார்த்து, "இன்னா பாய், மரத்துக்கு ஜுரமா?" என்றார்.

ஒருநாள் இலைகளுக்கடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பனி பெய்த மாதிரி இருக்கிறதே என்று ரசித்துவிட்டுக் கடைக்குப் போனேன். அத்தனையும் மாவுப்பூச்சி. மரத்தோடு மலையிறங்கி வந்திருக்கிறது. மரம் செத்தது, பூச்சி சாகவில்லை. மல்லி மொட்டெல்லாம் கருகிக் கொட்டியது. அடுத்து பூச்சி முனுசாமி வீட்டுச் செம்பருத்திக்குத் தாவியது.

"வெட்டிக் கொளுத்திடு பாய். தெரு பூரா பரவிடும்" என்றார்.

ஜமீலாவே அரிவாளை எடுத்து, அடிக்கட்டை மட்டும் மிஞ்ச மல்லியை வெட்டினாள். இரண்டையும் ஒன்றாகக் கொளுத்தினோம். அப்போதும் அவள் அழவில்லை. புகை அடங்கியபின் மெதுவாகச் சொன்னாள்: "மசக்கையில வாய் கசந்து கெடக்கறேன். அந்த மரத்துக்கு தெனமும் ஐஸு. எனக்கு ஒரு துண்டு குடுக்கணும்னு தோணலையே உங்களுக்கு."

எனக்குத்தான் அழுகை வந்தது. ஓடிப்போய் ஐஸ் வாங்கி, நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தேன். பாதி குடித்தாள். டம்ளரில் மிஞ்சிய ஐஸை மல்லியின் அடிக்கட்டையில் கொட்டினாள். ஆடி மழையில் அது துளிர்த்தது.

பல வருஷம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க பெங்களூர் மாப்பிள்ளை வந்தபோது, எல்லார் முன்னாலும் ஜமீலா சொன்னாள்: "குளிர்ல வளந்த புள்ள. கொஞ்ச நாள் தொட்டியில வச்சுப் பாக்கலாங்க."

மாப்பிள்ளை விழித்தார். கல்யாணத்துக்குப் பிறகு மகள் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை மாமியாருக்கு ஐஸ்கிரீம் வாங்காமல் அவர் எங்கள் வாசற்படி ஏறியதில்லை.