சிங்கத்தின் நெஞ்சும் வெள்ளை வாத்துகளும்

ஒரு காட்டில் ஒரு சிங்கத்துக்கு நெஞ்சு வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும்? தினமும் ஒரு கொழுத்த பன்றி, தின்றதும் தூக்கம், எழுந்ததும் கோபம். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ராசா குகையில் சுருண்டு விழுந்தார்.

ராணி செவ்வந்தி அலறியடித்துக்கொண்டு கரடி டாக்டரைக் கூட்டிவந்தாள். குகைக்கு வரும் ஒரே பாதையில் பெரிய மருதமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. கரடிக்கு மரம் ஒரு பொருட்டா? ஏறிக் குதித்து வந்து, கத்தியால் கீறி அடைப்பை எடுத்துவிட்டு, ராசாவின் முன்னங்காலில் மருந்துக் குழாயைச் செருகியது.

"அடைப்பு போயிடுச்சும்மா. இனிமேதான் பயமே."

"என்ன டாக்டர் குண்டைத் தூக்கிப் போடறீங்க?"

"திறக்காம விட்டிருந்தா போயே போயிருப்பார். ஆனா பாதை திறந்ததும் ரத்தத்தோட வெள்ளை அணுக்களும் ஓடிவரும். உடம்போட காவல்காரங்க அவங்க. அடிபட்டுக் கிடக்கிற தசையைப் பார்த்து, எதிரி வந்துட்டான்னு கையில இருக்கிற விஷத்தையெல்லாம் ஊத்திடுவாங்க. சின்னச் சின்னக் குழாய்ல கூட்டமா நின்னு வழியையும் அடைப்பாங்க. பிழைக்க வேண்டிய தசையும் போயிடும். அந்த ஆட்டம் அடங்குற வரைக்கும் இதயத்துக்குத் தெம்பு வேணும். இந்தக் குழாய் மட்டும் கழலவே கூடாது."

ராசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யோவ் டாக்டர், என் ரத்தத்துல இருக்கிறவன் என் ஆளுய்யா. என் ஆளு என்னை அடிப்பானா? அது கிடக்கட்டும், என்னைப் பார்க்க ஏன் ஒருத்தனும் வரல?"

"வழியில மரம் கிடக்குதுங்க," என்றாள் செவ்வந்தி.

"யானையைக் கூப்பிட்டு அதைத் தள்ளு!"

தள்ளியாயிற்று. அவ்வளவுதான். மரத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கிடந்த நலம்விரும்பிகள் பேரவை உள்ளே பாய்ந்தது. எல்லாம் வாத்துகள். எல்லாம் வெள்ளைவெளேர். 'மீண்டு வா மகராசா' என்று ஒரு பேனரை வேறு தூக்கிவந்து குகை வாசலில் குறுக்கே மாட்டிவிட்டன. காற்று நின்றது. ராசாவின் வயிற்றின்மேல் ஏறிச் செல்பி எடுத்தன.

"ஐயோ, ராசாவைக் கத்தியால கிழிச்சிருக்கான்!" என்று ஒரு வாத்து கத்தியது. கூட்டமே கரடியின் மூக்கைக் கொத்தியது.

பேரவைத் தலைவர் மருந்துக் குழாயைப் பார்த்தார். "ராசா கால்ல புழு!" என்று பாய்ந்து, அதைப் பிடுங்கிப் பாதியை விழுங்கியும் விட்டார். விசுவாசம்!

"செவ்வந்தி, மறுபடி வலிக்குதுடி," என்று முனகினார் ராசா. அவர் முகம் வெளுத்துப் போனது. செவ்வந்திக்கு உயிரே போய் வந்தது. அறைய ஓங்கிய கையை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணன்மாரே, ஆத்தங்கரையில வெளிச்சம் பிரமாதமா இருக்கு. போட்டோ அங்கதான் நல்லா வரும்."

அடுத்த நிமிஷம் குகையில் ஒரு இறகுகூட மிச்சமில்லை. யானை மரத்தைப் பழையபடி பாதையில் போட்டது. கரடி வீங்கிய மூக்கோடு புதுக் குழாய் செருகியது. வெகுநேரம் கழித்து ராசாவின் மூச்சு சீரானது. அவர் மெல்லக் கண் திறந்தார்.

"யானை போயிடுச்சா?"

"இல்லீங்க, இங்கதான் நிக்குது."

"இன்னொரு மரம் இருந்தா அதையும் போடச் சொல்லு."

நீதி: எதிரி தாக்கினால் டாக்டரைக் கூப்பிடு. நம்ம ஆளுங்க காப்பாற்ற வந்தால் யானையைக் கூப்பிடு.